பாவாத்தாள் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டாம் கதை

1991 ஏப்ரல் 14. இதழ் 1. பக்கம் 32.
1994 ஆகஸ்ட் 20. இதழ் 17. பக்கம் 32.
இதழ்கள் 17. மொத்தப் பக்கம் 544.
2014 ஜனவரி 26. வட்டத்தின் கதை 1.
2017 ஜூலை 9. கதை 74. பாவாத்தாளின் முதல் கதை.
2023 ஜனவரி 8. கதை 211.
எழுதியவர்கள் 9. கதைகள் 211. அவற்றில் பாவாத்தாள் எழுதியவை 58.

இவை என் பேரேட்டில் உள்ளவை. இந்தப் பேரேட்டில் பணம் எதுவும் இல்லை. விசையாள் என்ற காமிக்ஸ் நாயகிக்கு என்றைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு சிறு அச்சகம் அவளை வெளியிட்டது. அவள் மீது எந்த விசை வந்து மோதினாலும் அது அவள் உடம்புக்குள் போய்த் தங்கிவிடும். லாரி இடித்தாலும் சரி, வெடி வெடித்தாலும் சரி. வேண்டும்போது வேண்டிய அளவு அதை வெளியே விடுவாள். அளவுக்கு மேல் ஏறினால் தாங்க மாட்டாள். பதினேழாம் இதழில் அவள் ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும்போது ‘தொடரும்’ என்று போட்டார்கள். பிறகு அச்சகத்தை மூடிவிட்டார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, அதை அந்நாளில் படித்த சிலர் ஒரு வட்டமாகச் சேர்ந்து மேற்கொண்டு தாங்களே எழுதத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விசையாள். ஒருவர் கதையில் அவளுக்கு இடது தோளில் காயம் பட்டால் அடுத்தவர் கதையிலும் அந்தத் தோள் வலிக்க வேண்டும். இதற்குக் கணக்கு வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்போது என் பக்கத்து வீட்டில் இருந்த கிருபாசங்கர் என்னைக் கேட்டார். நான் பம்ப்செட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் ஸ்டோர்ஸில் இருப்புக் கணக்கு எழுதியவன். ஒப்புக்கொண்டேன்.

எழுதுவதற்கு விதிகள் மூன்று. பழைய பதினேழு இதழ்களுக்கு முரணாக எழுதக் கூடாது. பேரேட்டில் ஏறிய கதையை யாரும் அடிக்கக் கூடாது. கதை நடக்கும் நாளில் நிஜமாக என்ன இருந்ததோ அதுவே கதையிலும் இருக்க வேண்டும்: அன்று மழை என்றால் மழை, பஸ் ஓடவில்லை என்றால் பஸ் இல்லை. இந்த மூன்றாவது விதிக்காக மழையளவு, பஸ் மாற்றம், செய்தித்தாளில் வரும் மின்தடை அறிவிப்பு எல்லாவற்றையும் நாள்தோறும் குறித்தேன். கதை வந்ததும் சரிபார்த்து, ஒத்துவந்தால் எண் கொடுப்பேன்.

பாவாத்தாள் பிறந்தது 1980இல், பல்லடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தெற்கே ஒரு சிற்றூரில். அப்பா விசைத்தறி ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போய், பத்தொன்பதாம் வயதில் தானே தறி ஓட்ட ஆரம்பித்தார். பதின்மூன்று வயதில், பழைய பேப்பர் கட்டு ஒன்றில் அட்டை கிழிந்த ஒன்பதாம் இதழ் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஒன்றை மட்டுமே இருபத்துநான்கு ஆண்டுகள் வைத்துப் படித்திருக்கிறார். இன்னும் பதினாறு இதழ்கள் உண்டு என்பது 2017இல், பழைய இதழ்களையும் கதைகளையும் போட்டு வைத்திருந்த எங்கள் இணையப் பக்கத்தைச் செல்போனில் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

அவரிடமிருந்து எங்களுக்கு முதலில் வந்தது ஒரு குறைதான். கதை 68இல், ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்துக் கூரையில் குத்தியதாக எழுதியிருந்தார்கள். நாடா என்பது நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களுக்குக் குறுக்கே இங்கும் அங்கும் பாயும் கட்டை. “நாடா மேல போகாதுங்க. பக்கத்துத் தறிக்காரி நெத்திக்குத்தான் வரும். எனக்கு வந்திருக்குதுங்க” என்று எழுதியிருந்தார். ஏறிய கதையை அடிக்க முடியாது என்று பதில் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கதை 74 வந்தது. அதில் அந்தத் தறியின் பக்கக் கட்டை முந்தின நாளே விரிசல் விட்டிருந்தது. நாடா மேலே போனது அதனால்தான். கதை 68இல் ஓர் எழுத்தும் மாறவில்லை. பிழை மட்டும் காணாமல் போயிருந்தது. கதை 68ஐ எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கதை 211 கிருபாசங்கர் எழுதியது. அவர் சரவணம்பட்டியில் கணினி வேலை பார்க்கிறார். கதை நடக்கும் நாள் 2022 நவம்பர் 16, புதன்கிழமை, காலை 11.40. இடம், பாவாத்தாளின் ஊரில் இருபத்துநான்கு தறிகள் உள்ள ஒரு கூடம். எதிரி வைத்த வெடியின் முழு விசையையும் விசையாள் உடம்பில் வாங்கிக்கொண்டு, ஆளில்லாத அந்தக் கூடத்துக்குள் வந்து விழுகிறாள். அளவு மீறிவிட்டது. ஒரு போலீஸ்காரர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார். நாடி இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தகவல் சொல்ல வெளியே போகிறார். கடைசி வரி: ‘தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.’

அவள் சாவதில் எனக்கும் விருப்பம் இல்லை. ஆனாலும் மழை பார்த்தேன், பஸ் பார்த்தேன், மின்தடைப் பட்டியல் பார்த்தேன். பல்லடத்துக்கு அன்று மின்தடை இல்லை. ஜனவரி 8 அன்று எண் கொடுத்தேன். ஆட்சேபம் சொல்ல வழக்கமான முப்பது நாள். பிப்ரவரி 7 வரை ஒன்றும் வராவிட்டால் விசையாள் இறந்தவள். பேரேட்டை அத்தோடு மூடிவிடுவது என்று முடிவு.

ஜனவரி 11 அன்று போன் வந்தது.

“ஏனுங்க அய்யா, பாவாத்தா பேசறனுங்க. சாப்ட்டீங்களா?”

“ஆச்சு அம்மணி, சொல்லுங்க.”

“கிருபா தம்பி கதைய மூணுவாட்டி படிச்சனுங்க. அழுது, எங்கூட்டுக்காரர்கிட்டப் பேச்சு வாங்கினதுதான் மிச்சம். நாலாவதுவாட்டி படிக்கறப்பத்தானுங்க தேதியப் பாத்தேன். அன்னைக்கு எங்கூர்ல கரண்டே இல்லீங்களே.”

“பட்டியல் பார்த்தனே அம்மணி. பல்லடத்துக்குத் தடை இல்லையே.”

“எங்கூருக்குக் கடுதாசிதானுங்க பல்லடத்துல இருந்து வருது. கரண்டு வேற சப்-ஸ்டேசன்ல இருந்து வருதுங்க. தறிக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியுமே.”

தன் ஷிப்ட் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நவம்பர் 16: ‘காலை 9 முதல் மாலை 4.10 வரை கரண்டு இல்லை. துணி 0.’ என் பழைய செய்தித்தாள் துண்டுகளை எடுத்து, அந்த இன்னொரு துணைமின் நிலையத்தின் பெயரைத் தேடினேன். இருந்தது. அதன் கீழே அவருடைய ஊரின் பெயரும் சிறிய எழுத்தில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் என் முதல் பிழை. சிவப்பு மையில் என் பெயரைப் போட்டுக் குறித்தேன்.

மறுபடி போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அவ போயிட்டா எனக்கு எழுதறதுக்கு ஆளில்லீங்கய்யா. நாள் பூரா தறி அடிக்கற அடி ஒடம்புல ஏறுதுங்க. படுத்தாலும் காலு அதிர்ந்துக்கிட்டே கெடக்கும். அது எங்க போறதுங்க? அவ ஒருத்திதான் உள்ள வாங்கி வெளிய உட்டவ. நான் எழுதின அம்பத்தெட்டும் அதுதானுங்க.”

ஜனவரி 22, ஞாயிறு, சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில் கூடினோம். ஒன்பது பேரில் ஆறு பேர் வந்திருந்தார்கள். பாவாத்தாள் பஸ் பிடித்து வந்திருந்தார். நடந்ததை நான் சொன்னேன்.

“ஜெனரேட்டர் ஓடுச்சுன்னு ஒரு வரி சேத்துட்டாப் போச்சுங்க்கா” என்றார் கிருபாசங்கர்.

“எந்த ஓனரு கண்ணு டீசல் ஊத்தித் தறி ஓட்டறாரு? அட்ரஸ் குடு, நாளைக்கே அங்க வேலைக்குப் போயிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாவாத்தாள் விடவில்லை.

“அது கெடக்குது. இருவத்திநாலு தறி ஓடுது, தறிக் குடோன்ல ஒரு ஆளு இல்லைங்கறே. நூல் அறுந்தா யாரு முடியறது, உன்ற வில்லனா?”

கிருபாசங்கர் முகம் சிவந்துவிட்டது. “கிண்டல் பண்ணுங்க்கா. ஆனா அவளுக்கு ஒரு முடிவு வேணும். பாலத்து மேல நிக்க வெச்சுட்டுக் கடையச் சாத்திட்டுப் போனாங்க. எனக்கு அப்ப பதினொரு வயசு. மாசாமாசம் பஸ் ஸ்டாண்டு கடையில போய்க் கேப்பேன். நாமளும் ஒரு நாள் அப்படியே உட்டுட்டுப் போயிருவோம்னுதான் எழுதினேன்.”

பேக்கரிக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அம்புஜம் எங்களில் மூத்த எழுத்தாளர். “மூணாவது விதி மீறியிருக்கு. தப்பா ஏறினது தப்புதானே? அடிச்சுடுங்க சார்” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கிருபாசங்கர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, “அடிச்சுக்கங்க” என்றார்.

நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். பாவாத்தாள் பேரேட்டின் மேல் கையை வைத்தார்.

“வேண்டாங்கய்யா.”

“உங்களுக்காகத்தானே அடிக்கச் சொல்றோம்!” என்றார் அம்புஜம்.

“இன்னைக்கு இத அடிச்சா நாளைக்கு எதை வேணா அடிக்கலாங்க. அப்புறம் அவளுக்கு ஒண்ணுமே நடக்கலீன்னு ஆயிரும். தம்பி எழுதினது நடந்ததுங்க. கரண்டு இல்லாததும் நடந்ததுங்க. ரண்டும் நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் பாக்கறேன்.”

“முடியலீன்னா?” என்றார் கிருபாசங்கர்.

“முடியலீன்னா அவ செத்தது செத்ததுதான்.”

பேனாவை மூடினேன். பிறருடைய கதையின் பொருளையே மாற்றும் கதைக்கு மற்ற எட்டு எழுத்தாளர்களின் ஒப்புதலும் வேண்டும்; பிப்ரவரி 7க்குள், கையெழுத்திட்ட கடிதமாக, தபாலில் எனக்கு வர வேண்டும். செல்போன் செய்தியை நான் ஏற்பதில்லை. போன் போனால் அதுவும் போய்விடும். இதை எல்லோருக்கும் நினைவூட்டினேன்.

“ஒரு ஓட்டை இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேங்க்கா” என்றார் கிருபாசங்கர்.

“போடாத தம்பி. ஓட்டையோட எனக்கும் வேண்டாம்.”

ஜனவரி 27 அன்று, கதை 211 நடக்கும் கூடத்தின் அளவுகளைக் குறித்துக்கொள்ள நானே அங்கே போனேன்; பாவாத்தாள் வேலை செய்வதும் அதே கூடத்தில்தான். எண் கொடுக்கும் முன்பே வந்து பார்த்திருந்தால் பிழையே வந்திருக்காது. வாசலுக்குப் பத்தடி முன்பே தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. உள்ளே பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. பாவாத்தாளுக்கு எட்டுத் தறிகள். அவற்றுக்கு நடுவே நடந்துகொண்டே, செல்போனை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பிப் பார்க்காமலே நான்காவது தறிக்குப் போவார்; அங்கே ஓர் இழை அறுந்திருக்கும். முடிச்சுப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதுவார். அத்தனை இரைச்சலில் ஓர் இழை அறுவதை எப்படிக் கேட்கிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் நின்றது நாற்பது நிமிடம். முடிச்சுப் போட்ட இழைகள் பதினொன்று. எழுதிய வாக்கியங்கள் ஆறு. முப்பத்தாறு ஆண்டுகள் தொழிற்சாலையில் இருந்தவன் நான். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

அவர் கணவர் தனபால் கறிக்கோழி வண்டி ஓட்டுகிறவர். டீ வாங்கிக்கொண்டு வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் மூவரும் குடித்தோம்.

“நானும் டெய்லி ரண்டாயிரம் கோழிய உசுரோட கொண்டுபோய் எறக்கறனுங்க. என்னையப் பத்தி ஒரு கதை கெடையாது” என்றார் தனபால்.

“நீங்க ஒருக்கா பறந்து காட்டுங்க, எழுதறேன்.”

“பறந்தா வண்டிக்கு டியூ யாரு கட்டறது?”

பாவாத்தாள் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பாதி வந்திருக்குதுங்கய்யா. நாடி மட்டும் இடிக்குது. நாடி இல்லைன்னு எழுதிப்போட்டாரே” என்றார்.

ஜனவரி 31, செவ்வாய்க்கிழமை காலை கதை 212 வந்தது. ஏழு பக்கம். கிருபாசங்கரின் கடைசி வரியையே முதல் வரியாக வைத்திருந்தார்: ‘தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.’ அடுத்த வரி: ‘கரண்டு இல்லை.’

காலை ஒன்பதுக்கே மின்சாரம் போய்விட்டதால் தறிக்காரர்கள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அதனால்தான் கூடத்தில் ஆள் இல்லை. தகவல் சொல்லப் போன போலீஸ்காரர், இன்னொரு வெடி இருக்கலாம் என்று தெருவையே அடைத்துவிட்டதால் மாலைவரை யாரும் உள்ளே வரவில்லை. மின்சாரம் இல்லாத கூடத்தில் இருபத்துநான்கு தறிகளும் ஓடின என்றால் ஓட்டியது யார்? தரையில் கிடந்தவள்தான். ஒரே மூச்சில் வெளியே விட்டிருந்தால் அந்த விசை ஊரையே தூக்கியிருக்கும். எனவே தரை வழியாக, தறி தறியாக, இழை இழையாக விட்டாள். சீராக விட்டதால் ஓர் இழையும் அறவில்லை. முடிச்சுப் போட ஆள் தேவைப்படவில்லை. கிருபாசங்கர் செய்த பிழையும் நான் செய்த பிழையும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. மாலை 4.10க்கு மின்சாரம் வந்தது. தறிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

நாடிக்கு அவர் காட்டிய சான்று ஆறாம் இதழ், பக்கம் 19, மூன்றாம் கட்டம். விசையாள் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, ‘நாடியே கிடைக்கவில்லையே!’ என்கிறார். அவ்வளவுதான். விசையை வெளியே விடும்போது அவளுக்கு நாடி தெரியாது. அந்த இதழை நான் குறைந்தது நாற்பது முறை படித்திருக்கிறேன். 544 பக்கங்களுக்கும் பொருளடைவு எழுதியவன் நான். அந்தக் கட்டத்தை ‘மருத்துவர்’ என்ற தலைப்பில் சேர்த்துவிட்டு, ‘நாடி’ என்பதில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

அன்று எவ்வளவு துணி நெய்யப்பட்டது என்றும் எழுதியிருந்தார்: தறிக்காரர்கள் நெய்தது 0, அவள் நெய்தது முன்னூற்று எண்பது மீட்டர். நான் கணக்குப் போட்டேன். ஊடை என்ற குறுக்கிழை நிமிடத்துக்கு 120, அங்குலத்துக்கு 52, நாலரை மணி நேரம், 24 தறி. வந்தது 379.83. பதினேழு சென்டிமீட்டர் குறைகிறதே என்று போனில் கேட்டேன்.

“கையால அளந்தா அவ்வளவு முன்னப்பின்ன வருமுங்கய்யா” என்றார்.

மழை, பஸ், நேரம், பழைய இதழ்கள், 211 கதைகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டேன். நான்கு மணி நேரம் ஆனது. இடிக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர், ஒன்பது பேர் ஒன்பது ஆண்டுகளில் எழுதிய அத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு, எட்டுத் தறிகளுக்கு நடுவே நடந்தபடி ஒருத்தியை உயிரோடு எழுப்பியிருக்கிறார். யாருடைய வரியையும் தொடாமல். ஒப்பிட்டதற்கு அடையாளமாகப் பேரேட்டில் டிக் போட்டேன்.

இனி கடிதங்கள். பிப்ரவரி 2, வியாழன்: இரண்டு. பிப்ரவரி 3: அம்புஜத்தினுடையது, ‘கையைப் பிடித்து நிறுத்தியதற்கு நன்றி என்று அவளிடம் சொல்லுங்கள்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பிப்ரவரி 4: இரண்டு. பிப்ரவரி 5 ஞாயிறு, தைப்பூசம். பிப்ரவரி 6: இரண்டு. அவற்றில் ஒன்று எழில் அனுப்பியது. திருப்பூரில் மெக்கானிக். பழனிக்குப் பாதயாத்திரை போகும் வழியில் கதையைச் செல்போனில் படித்துவிட்டு, தாராபுரத்தில் தபால் பெட்டியில் போட்டிருந்தார். தாளில் திருநீறு ஒட்டியிருந்தது.

ஏழு வந்தாகிவிட்டது. கிருபாசங்கரிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்து கேட்பது என் வேலை அல்ல, கேட்கவில்லை. பாவாத்தாளும் கேட்கவில்லை. “வந்தாலும் சொல்லுங்க, வரலீன்னாலும் சொல்லுங்க” என்று மட்டும் ஆறாம் தேதி சொன்னார்.

மறுநாள் தபால்காரர் மதியம் 12.40க்கு வந்தார். ஓர் உறை. உள்ளே ஒரு தாள்.

‘சார், ஆறு நாளாக ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. “தறிகள் ஓடிக்கொண்டிருந்தன” என்பதை நான் அழகுக்காக எழுதினேன். அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது எழுதிய எனக்கே தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். நாலு பத்துக்கு அப்புறம் அவள் எங்கே போனாள் என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். ரொம்ப நாள் காக்க வைக்க வேண்டாம். கிருபாசங்கர்.’

பேரேட்டில் எழுதினேன்: கதை 212, ஏற்கப்பட்டது. ஒப்புதல் கடிதங்கள் எட்டு. கடைசிக் கடிதம் வந்த நாள், 2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை.